மருதமுனை விலாசம்

முபாறக்கை நான் முதன்முதலில் ஏசியது அவருடைய அடையாள அட்டையைப் பார்த்துத்தான்.

கல்முனை நீதிமன்றத்துக்கு முன்னால் இருக்கும் சட்டத்தரணி ஒருவரிடம் முப்பத்தொரு வருடமாக நான் கிளாக்கர். பெயர் செல்லத்தம்பி, ஊர் பாண்டிருப்பு. எரிச்சல்காரன் என்று பெயர் எடுத்தவன். அதை நான் மறுப்பதில்லை. கடதாசியைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து என் மேசைக்கு முன்னால் அழுகிறவர்களை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் எரிச்சல் வரும்.

முபாறக்குக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒரு காலத்தில் டொல்பின் வான் வைத்திருந்தார். வெளிநாடு போகிற ஆட்களைக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விடுவது தொழில். 2017இல் கொழும்பு பினான்ஸ் கம்பனி ஒன்றில் லீசிங் போட்டு எடுத்த வான் அது. ஈஸ்டர் குண்டு வெடித்த பிறகு தாடி வைத்தவன் ஓட்டும் வானில் ஏற ஆள் இல்லை. அதற்கு அடுத்த வருடம் கொரோனா. தவணை தவறியது, கம்பனி ஆட்கள் வந்தார்கள், இவர் சண்டை பிடிக்காமல் சாவியைக் கொடுத்துவிட்டார்.

"வானைக் குடுத்தாச்சி. அதோட அலுவல் முடிஞ்சிட்டெண்டு நினைச்சன், அண்ணன்."

முடியவில்லை. கம்பனி வானை ஏலத்தில் வந்த விலைக்கு விற்றது. கடனுக்குப் போதாமல் குறைந்த பணத்தையும் அதன் வட்டியையும் கேட்டுக் கொழும்பில் வழக்குப் போட்டது. இவர் போகவில்லை. இவர் இல்லாமலே வழக்கு விளங்கப்பட்டு 2023இல் தீர்ப்பும் ஆகிவிட்டது. வட்டியோடு பதினெட்டு லட்சம். இவருக்கு அது தெரியவந்தது இரண்டு வருடம் கழித்து, அதுவும் நீதிமன்றத்துப் பிஸ்கால், கடனுக்கு எடுக்கிற சாமான்களை எழுத வந்த அன்று.

பிஸ்கால் போனது முபாறக் இருக்கும் நிந்தவூர் வீட்டுக்கு அல்ல. மருதமுனையில் அவருடைய தங்கச்சி நஸீறாவின் வீட்டுக்கு. ஏனென்றால் அடையாள அட்டையிலும் லீசிங் பத்திரத்திலும் இருந்தது அந்த விலாசம்தான்.

"கல்யாணம் முடிச்சி நிந்தவூருக்குப் போய் இருபத்தாறு வருஷம். ஐடென்டிகாட்ட மாத்த உமக்கு நேரம் கிடைக்கல்லையா?" என்று நான் ஏசினேன்.

ஏசிவிட்டு நானே அடங்கிப்போனேன், ஏனென்றால் என்னுடைய அட்டையும் மாற்றாத அட்டைதான். எங்கள் கரையில் தமிழன் ஆனாலும் முஸ்லிம் ஆனாலும் வீடு என்பது பெண்ணுக்கு. ஆண் உம்மா வீட்டில் பிறப்பான், கல்யாணம் முடித்துப் பெண்சாதி வீட்டுக்குப் போவான், அந்த வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டுப் பின்பக்க அறைக்குள் ஒதுங்குவான். எதை நம்பி விலாசத்தை மாற்றுவது? முபாறக்கின் பெண்சாதி றினோஸாவின் வீடும் மூத்த மகளுக்கு எழுதியாகிவிட்டது. புருஷனும் பெண்சாதியும் இளைய மகள் பஸ்மினாவும் பின்னால் இரண்டு அறை இறக்கி இருக்கிறார்கள்.

பஸ்மினாவுக்கென்று வான் ஓடிய காலத்தில் நிந்தவூரிலேயே எட்டுப் பேர்ச் காணி வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சுவர் எழுப்பியிருந்தார். கூரை மட்டும் பாக்கி. அட்டாளைச்சேனையில் மாப்பிள்ளை பேசியாகிவிட்டது. காணி இன்னும் முபாறக்கின் பெயரில்தான், கல்யாணத்தோடு எழுதிக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்.

பிஸ்கால் வந்த மறுநாள், முபாறக் என் முன்னால் இருக்கும்போதே, நஸீறாவும் எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் கட்டாரில். புடவைக்கடைப் பை ஒன்றை மேசையில் வைத்தாள். பைக்குள் நான்கு கடிதம். நீதிமன்ற முத்திரை குத்தியவை, ஒன்றுகூட உடைக்கப்படவில்லை. அழைப்பாணையும் அதற்குள்தான் இருந்தது, தீர்ப்பின் பிரதியும் அதற்குள்தான் இருந்தது. எல்லாவற்றையும் கையெழுத்து வைத்து எடுத்தவள் அவள்.

"ஏன் காக்காக்குச் சொல்லல்ல?" என்று கேட்டேன். மருதமுனையில் அண்ணனைக் காக்கா என்பார்கள்.

அவள் அண்ணனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"உம்மா ஊட்ட எனக்கு வாயாலதான் தந்த. உம்மாவும் வாப்பாவும் மௌத்தாகிட்டாங்க, ஊட்டு உறுதி இன்னும் வாப்பாட பேருல. சட்டப்படி பாத்தா காக்காக்கு ரெண்டு பங்கு, எனக்கு ஒரு பங்குதான் எண்டு எங்கட இவர் சொல்லுவார். காக்காட வானும் போயிட்டு, கையில காசில்ல. கோட்டுக் கடிதத்தில காக்காட பேரக் கண்ட உடனே, ஊட்டக் கேட்டு வழக்குப் போட்டிட்டாரெண்டு நெனச்சன். உடச்சிப் பாக்கப் பயம். அலுமாரிக்குள்ள வெச்சிப் பூட்டிட்டன்."



அந்த இரண்டு வருடமும் அண்ணனும் தங்கச்சியும் சரியாகக் கதைத்துக்கொள்ளவில்லை. பெருநாளுக்கு அவர் போனபோது அவள் வாசலோடு கதைத்து அனுப்பிவிட்டாள். வான் போன பிறகு தங்கச்சிக்கும் தன்னை வேண்டாம் என்று எண்ணி அவரும் போவதை நிறுத்திவிட்டார். அண்ணன் வீட்டைப் பறிப்பார் என்று இவள் பயந்தாள், தங்கச்சி ஏழையை ஒதுக்குகிறாள் என்று அவர் நொந்தார். நடுவில் அலுமாரிக்குள் கடிதம் கிடந்தது. எனக்கு அவள்மேல் வந்த கோபத்தை இங்கே எழுதினால் அச்சில் போட முடியாது. அவளுடைய முகத்தைப் பார்த்தபோது அந்தக் கோபமும் நிற்கவில்லை.

எங்கள் சேர், அதாவது சட்டத்தரணி, கடதாசிகளை இரண்டு தடவை படித்தார். தீர்ப்பின் பிரதி கையில் கிடைத்துப் பதினான்கு நாளுக்குள் மறுத்து மனுப் போட்டிருக்க வேண்டும். அது நஸீறாவின் கைக்குக் கிடைத்து இரண்டு வருடமாகிவிட்டது. இப்போதும் கொழும்புக்குப் போய், முபாறக் அந்த வீட்டில் இல்லை, தங்கச்சி கடிதத்தை மறைத்துவிட்டாள் என்று வாதாடலாம். ஆனால் விலாசத்தைக் கொடுத்தது முபாறக்தான், மாறினால் அறிவிப்பேன் என்று கையெழுத்து வைத்ததும் அவர்தான். வெல்லலாம், தோற்கலாம்.

"நான் வாறன் சேர்," என்றாள் நஸீறா. "நான்தான் ஒளிச்சி வெச்ச எண்டு எந்தக் கோட்டிலயும் சொல்றன். சனம் சிரிச்சாச் சிரிக்கட்டும்."

அவள் உண்மையாகத்தான் சொன்னாள்.

"தோத்தா என்ன நடக்கும், சேர்?" என்று முபாறக் கேட்டார்.

சேர் மறைக்கவில்லை. முபாறக்கின் பெயரில் உள்ள எதையும் கம்பனி ஏலத்துக்குக் கொண்டுவரலாம். நிந்தவூர்க் காணி இருக்கிறது. மருதமுனை வீட்டில் அவருக்குச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கும் இருக்கிறது. மெயின் வீதியில் இருக்கும் வீடு. கம்பனிக்காரன் முதலில் எதைத் தொடுவான் என்று சொல்லத் தேவையில்லை.

வீடு போய்விடும் என்று பயந்து எந்தக் கடிதங்களைப் பூட்டி வைத்தாளோ, அந்தக் கடிதங்கள்தான் இப்போது அவள் வீட்டுக்கு வழி கேட்டு வந்திருந்தன. அவளுக்கு அது விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. 

முபாறக் வெளியே போய் எங்கள் படியில் நின்றார். உள்ளே வந்தபோது முடிவு செய்துவிட்டார்.

"காணிய விப்பம், சேர். ஒரேயடியாக் கட்டினாக் குறைப்பானா எண்டு கேளுங்க."

"பஸ்மினாட காணியையா?" என்று நான் கத்தினேன். எனக்கு அந்த உரிமை இல்லை, ஆனாலும் கத்தினேன். "வழக்காடிப் பாருமன் ஐசே!"

"தோத்தா ரெண்டும் போகும், அண்ணன். தங்கச்சிக்கு இருக்கிற ஊடு. மகளுக்கு இனித்தானே."

கம்பனி பன்னிரண்டு லட்சத்துக்கு இறங்கியது. கூரை போடாத வீட்டை அக்கரைப்பற்று வியாபாரி ஒருவர் வாங்கினார். அவசரத்துக்கு விற்கிறவனிடம் வாங்குகிற விலைதான் கொடுத்தார், கடன் போகக் கையில் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. அட்டாளைச்சேனை மாப்பிள்ளை வீட்டார் ஒரு மாதம் பொறுத்தார்கள். பிறகு, பொடியனின் தாய்க்குச் சுகமில்லை, கல்யாணம் இப்போது வேண்டாம் என்று ஆள் விட்டுச் சொன்னார்கள். வீடில்லை என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பணம் கட்டி முடிந்து கம்பனி கடிதம் தந்த கிழமையே முபாறக் திரும்பவும் வந்தார். மருதமுனை வீட்டில் தன் பங்கைத் தங்கச்சிக்கு நன்கொடை உறுதியாக எழுத வேண்டும் என்றார். இனி எவனும் அந்த வாசலில் வந்து நின்று அவளைப் பயப்படுத்தக்கூடாது என்பதுதான் அவர் சொன்ன காரணம். நஸீறா வேண்டாம் வேண்டாம் என்று அழுதாள். அவர் கேட்கவில்லை.

சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவன் நான். மற்றது பஸ்மினா. வேறு யாரையாவது கூட்டி வந்திருக்கலாம், நான் சொன்னேன். தானே வருகிறேன் என்று அவள்தான் சொன்னாளாம். இருபத்து மூன்று வயதுப் பெண். மாமிக்கு வீடு எழுதுகிற பத்திரத்தில் நிதானமாகக் கையெழுத்து வைத்தாள்.

எல்லோரும் வைத்த பிறகு சேரின் புத்தகத்தில் பதிய நான் கேட்டேன். "முபாறக், இப்ப உம்மட விலாசம்?"

அவர் யோசித்தார். மருதமுனை வீட்டை அப்போதுதான் எழுதிக் கொடுத்திருந்தார். நிந்தவூர் வீடு மூத்த மகளுடையது. மூன்றாவதாக ஒன்று இருந்தது, அதை விற்றாயிற்று. நான் பேனையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். இப்படியொரு கேள்வியை ஏன் கேட்டேன் என்றிருந்தது.

"மருதமுனை விலாசத்தையே எழுதுங்க, அண்ணன்," என்றாள் நஸீறா, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "காக்காக்கு இனி என்ன கடிதம் வந்தாலும் நானே நிந்தவூருக்குக் கொண்டுபோய்க் குடுப்பன்."

முபாறக் சரி என்று தலையசைத்தார்.

கையில் பட்ட மையைத் துடைத்துக்கொண்டிருந்த பஸ்மினா நிமிரவில்லை.

"வந்தா, முதல்ல நீங்க ஒருக்கா உடச்சிப் பாருங்க, மாமி," என்றாள்.