பட்டன் கொக்கி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பென்னிக்கு இருபத்திரண்டு வருஷமாக ஒரே வேலை, குறை கண்டுபிடிப்பது. இரும்புத் துண்டின் துளையில் அளவுக்கட்டையை விட்டுப் பார்ப்பான். ஒரு முனை நுழைய வேண்டும், மறுமுனை நுழையக் கூடாது. அப்படி இல்லையென்றால் ரிஜெக்ட். ரிஜெக்டுக்கென்று தனியாக ஒரு சிவப்புப் பெட்டி உண்டு. அதில் விழுந்த மால் திரும்ப நல்ல மாலோடு கலந்துவிடக் கூடாதென்று வாரக் கடைசியில் எண்ணிப் பார்த்து, சுத்தியலால் ஒரு போடு போட்டு நசுக்கிவிடுவார்கள். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தாலும் அது அகப்படும்வரை அந்த ஷிப்டில் யாரும் வீடு திரும்ப முடியாது.

இப்படிப்பட்டவன் வீட்டில் மட்டும் வாயை மூடிக்கொண்டா இருப்பான்? இட்லி ஒரு பக்கம் சரிந்திருந்தால் சொல்வான். சர்ச்சில் பிரசங்கம் ஏழு நிமிஷம் நீண்டால் வெளியே வந்ததும் சொல்வான். மனைவி சுகிர்தாவுக்கும் மகள் பிரின்சிக்கும் அது காதில் விழுவதே நின்றுபோயிருந்தது. கொரோனா ஊரடங்கில் கம்பெனி மூடிக் கிடந்தபோது, வீட்டிலேயே உட்கார்ந்து குறை சொல்லிச் சொல்லிப் பேஜார் பண்ணியவனுக்குப் பிரின்சிதான் ஒரு வழி காட்டினாள்.

"நைனா, ஆன்லைன்ல இன்னா இன்னாவோ சாமான் விக்கிறாங்கோ. அத்த வாங்கி டெஸ்ட் பண்ணி வீடியோ போடு. எங்கள வுட்டுடு."

"பென்னி செக்கிங்" பிறந்தது அப்படித்தான். முட்டை உரிக்கும் குழாய், கண்ணெரியாமல் வெங்காயம் நறுக்கக் கண்ணாடி, கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஃபேன் என்று கவரைப்பேட்டையில் அவன் வீட்டுக்கு வராத சாமான் கிடையாது. வாழ்க்கையைச் சுலபமாக்குவதாகச் சொல்லி வந்ததில் முக்கால்வாசி அவன் வாழ்க்கையில் இடத்தை அடைத்ததுதான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டு வந்ததும் சாப்பாட்டு மேஜை மேல் டெஸ்ட் நடக்கும். தேறினால் பச்சை ஸ்டிக்கர். தேறாவிட்டால் பரண் மேலிருக்கும் சிவப்புக் கூடையில் போய் விழும். மாசக் கடைசியில் கூடையைக் கீழே இறக்கி, ஒவ்வொன்றாக எண்ணி, கேமராவுக்கு முன்னால் சுத்தியலால் உடைப்பான். ஜனங்களுக்குப் பிடித்ததே அந்த உடைப்புதான். கம்பெனி பஸ்ஸில் முன்பின் தெரியாதவன்கூட "அண்ணே, சுத்தியல் இன்னா பண்ணுது?" என்று விசாரிக்கும் அளவுக்குப் போய்விட்டது. இருபத்திரண்டு வருஷம் மேனேஜர் காதில் ஏறாத ஒரு வாய்க்கு நாற்பதாயிரம் பேர் காது கொடுத்தால் யாருக்குத்தான் தலைகால் புரியும்?

போனைப் பிடித்துப் படமெடுப்பது சுகிர்தா. அவளும் சிப்காட்டில்தான் வேலை பார்த்தாள். காருக்கு ஒயர்க் கட்டு செய்யும் கம்பெனியில் நாள் முழுக்க ஒயருக்கு டேப் சுற்றுவது அவள் வேலை. பன்னிரண்டு வருஷம் சுற்றியிருக்கிறாள். வாரத்தில் ஓய்வென்று கிடைக்கும் ஒரே நாளிலும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் அசையாமல் நிற்பாள்.

சென்ற வருஷம் ஏதோ ஒரு பார்சலில் அந்தக் கொக்கி வந்தது. கட்டைவிரல் பருமனில் ஒரு மரக்கைப்பிடி, அதன் நுனியில் வளைத்த கம்பி. பட்டன் துளைக்குள் கம்பியை விட்டு, பட்டனைக் கவ்வி இழுத்தால் மாட்டிக்கொள்ளும். பென்னி தன் சட்டையில் போட்டுப் பார்த்தான். கையால் நாலு வினாடி, கொக்கியால் ஒன்பது.

"பட்டன் போடத் தெரியாதவன் சட்டையே போட வேணாம்பா!" என்று கேமராவைப் பார்த்துச் சிரித்தான். "இத்தப் போய் ஒருத்தன் ஒக்காந்து கண்டுபுடிச்சிருக்கான். ரிஜெக்ட்."

சுகிர்தா சிரிக்கவில்லை. அதை அவன் கவனிக்கவுமில்லை. வீடியோவைப் பார்க்கும்போது படம் ஆடியதுதான் கண்ணில் பட்டது.

"இன்னா சுகி, கை இப்படி ஆடுது? ஒழுங்கா புடிக்கக் கூடாதா?"

"மரத்துப் போவுது, பிரின்சி நைனா."

"கைய மாத்திப் புடி."

அவ்வளவுதான் பேச்சு. மறு வாரம் மூன்று காலில் நிற்கும் ஒரு போன் ஸ்டாண்டு வாங்கினான். அதையும் டெஸ்ட் பண்ணினான். "என் சம்சாரத்த வுட இது எவ்ளோ மேல், ஆடவே மாட்டேங்குது" என்று சொல்லிப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினான். சுகிர்தா அப்போது அடுப்படியில் இருந்தாள். கேட்டிருக்க மாட்டாள் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தான்.

அந்த மாசக் கடைசியில் கூடையை இறக்கி எண்ணினால் ஒன்று குறைந்தது. கொக்கியைக் காணோம். ரிஜெக்ட் மால் காணாமல் போவதென்பது அவன் தொழிலில் பெரிய பாவம். பரணில் இருந்ததையெல்லாம் இறக்கி, அலமாரியைக் கலைத்து, வீட்டைத் தலைகீழாக்கிவிட்டுக் கடைசியில் சுகிர்தாவின் கம்பெனிப் பையைக் கவிழ்த்தான். டிபன் பாக்ஸோடு சேர்ந்து, கைக்குட்டையில் சுற்றிய கொக்கி வந்து விழுந்தது.

"எதுக்கு எடுத்த?"

"சும்மாதான்."

"சும்மா எடுக்கிற சாமானா இது? ரிஜெக்ட்னு போட்டா ரிஜெக்ட்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் அதற்குள் ஸ்டாண்டில் போனை மாட்டிவிட்டான். "ஊட்டுக்குள்ளயே ஒரு திருடி கீறாங்க" என்று கேமராவிடம் கிண்டலடித்துக்கொண்டே கொக்கியை மேஜையில் வைத்து ஒரே போடு. மரக்கைப்பிடி இரண்டாகப் பிளந்தது. அந்த வீடியோவை இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். "அக்கா பாவம்" என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். பென்னி அதற்குச் சிரிக்கும் பொம்மை ஒன்றைப் பதிலாகப் போட்டான்.

எட்டு மாசம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சோறு வடிக்கும்போது பானை சுகிர்தாவின் கையை விட்டு நழுவியது. கொதிக்கும் கஞ்சி இடது பாதத்தில் கொட்டியது. சத்தம் கேட்டு முதலில் ஓடி வந்தவள் பக்கத்து வீட்டில் இருக்கும் மெர்சி. சுகிர்தாவோடு ஒரே பஸ்ஸில் ஒரே கம்பெனிக்குப் போகிறவள். பாதத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே பென்னியை ஒரு பார்வை பார்த்தாள்.

"அண்ணே, இன்னும் எத்தினி நாளைக்கு அவள சோறு வடிக்க வுடுவ? அவ கை செத்துக்கினு வருதுன்னு பஸ்ஸுக்கே தெரியும். டூட்டி கோட்டுக்குப் பட்டன் போட முடியல அவளால. எட்டு மாசமா நான்தான் பஸ்ல போட்டு வுடறேன். அதுக்கு முன்னால ஏதோ கொக்கி வச்சிக்கினு அவளே போட்டுக்குவா. அது ஒடஞ்சி போச்சுன்னு சொன்னா."

உடைந்து போனதாகத்தான் சுகிர்தா அவளிடம் சொல்லியிருக்கிறாள். யார் உடைத்தது என்று சொல்லவில்லை.

பாதத்துப் புண் மூன்று வாரத்தில் ஆறிவிட்டது. கைக்காகச் சென்னைக்குப் போய் நரம்பு டாக்டரைப் பார்த்தார்கள். அவர் சுகிர்தாவின் உள்ளங்கையைத் திருப்பி, கட்டைவிரலுக்குக் கீழே சதை வற்றிக் குழிந்திருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"மணிக்கட்டுல நரம்பு நசுங்கியிருக்கும்மா. ஆபரேஷன் பண்ணா இதுக்கு மேல போகாம நிறுத்தலாம். ஆனா இந்தச் சதை போனது போனதுதான். ஒரு வருஷம் முன்னாடி வந்திருக்கலாமே?"

சுகிர்தா தலையைக் குனிந்துகொண்டாள். கம்பெனிக்குத் தெரிந்தால் லைனை விட்டு எடுத்துவிடுவார்கள் என்று பயந்தாளாம். வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று டாக்டர் கேட்கவில்லை. பென்னியும் கேட்கவில்லை. அவனுக்குக் காரணம் தெரியும். மரத்துப் போகிறது என்று அவள் சொன்னாள், கையை மாற்றிப் பிடி என்று இவன் சொன்னான்.

கம்பெனியில் ஒரு குறை வெளிப்பட்டால் அது எந்த நாள் செய்த லாட்டில் ஆரம்பித்தது என்று பின்னோக்கித் தேடுவார்கள். ஆபரேஷன் முடிந்து அவள் கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்த ஒரு மதியம், பென்னி தன் பழைய வீடியோக்களைச் சத்தமில்லாமல் போட்டுப் பார்த்தான். தன் முகத்தையோ சாமான்களையோ பார்க்கவில்லை. படத்தின் ஓரத்தை மட்டும் பார்த்தான். சப்பாத்தி மெஷின் வீடியோவில் படம் கல்லு மாதிரி நின்றது. முட்டைக் குழாயில் லேசாக ஓர் அசைவு. வெங்காயக் கண்ணாடியில் பாதிக்கு மேல் நடுக்கம். கழுத்து ஃபேனில் போன் ஒரு தடவை நழுவி, அவள் சட்டென்று பிடித்துக்கொள்வது தெரிந்தது. மேஜையில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் கண்டுபிடிக்கிறவன், பதினாலு மாசமாகத் தன் கண்ணுக்கு எதிரே வளர்ந்த குறையை ஆடும் படமென்று திட்டி, ஸ்டாண்டு வாங்கி மூடிவிட்டான். அவன் அங்கேயே உட்கார்ந்து அழுதான்.

அதே கொக்கியைத் தேடி வாங்கினான். பார்சலைப் பிரித்து அவள் கையிலேயே கொடுத்தான். சுகிர்தா கைப்பிடியைப் பிடிக்கப் பார்த்தாள். கட்டைவிரல் வளைந்து கொடுக்கவில்லை. கொக்கி மடியில் விழுந்தது. இன்னொரு தடவை எடுத்தாள், அதுவும் விழுந்தது. கேலி பேசி உடைத்த நாளில் அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது. இப்போது அதைப் பிடிக்கவே இன்னொரு சாமான் வேண்டியிருந்தது.

"வுடு, பிரின்சி நைனா" என்றாள். "ஆனா இத்த ஒடச்சிராத. மெர்சி வெரலும் மரத்துப் போவுதாம். அவளுக்குக் குடு."

மறுநாள் காலை அவன் ஒரு வீடியோ எடுத்தான். ஸ்டாண்டை எடுத்துப் பரண் மேல் போட்டுவிட்டு, போனைச் சுவரில் சாய்த்து வைத்தான். "இந்தக் கொக்கிய நான் ரிஜெக்ட் பண்ணது தப்பு. டெஸ்ட் பண்ண தெரியாமப் பண்ணிட்டேன். என் கையாலதான் டெஸ்ட் பண்ணேன், யாருக்குத் தேவையோ அவங்க கையக் கேக்கல. கை மரத்துப் போவுதுன்னு ஊட்ல யார்னா சொன்னா, ஒடனே டாக்டராண்ட இட்டுக்கினு போங்க" என்று சொல்லிப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினான். அன்றே கொக்கியை மெர்சியிடம் கொடுத்துவிட்டு வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. சுகிர்தா சேலையைப் பாதி சுற்றியபடி, ரவிக்கை ஊக்குக்காக அவன் எதிரே வந்து நின்றாள். இப்போதெல்லாம் அது அவன் வேலை. இருபத்திரண்டு வருஷம் இரும்பைப் பிடித்த விரலுக்கு அந்தச் சின்ன ஊக்கு இன்னும் வசப்படவில்லை. இரண்டாவது ஊக்கில் இருந்தபோது மேஜை மேலிருந்த போன் ஒலித்தது. அவன் எட்டிப் பார்த்தான். வீடியோவை நூற்றுப் பதினோரு பேர் பார்த்திருந்தார்கள். ஒரே ஒருவர் எழுதியிருந்தார்: "அண்ணே, சுத்தியல் எங்க?"

"இன்னா எழுதிக்கீறாங்க?" என்று சுகிர்தா கேட்டாள்.

"ஒண்ணுமில்ல" என்றான். போனைக் குப்புற வைத்துவிட்டு மூன்றாவது ஊக்கைத் தேடினான்.