மெட்டியைக் கழற்ற மாட்டேன் என்றேன்

சித்தூர் ஜில்லா ஆந்திராவோடு இருப்பதா, மெட்ராஸோடு சேருவதா என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த காலம். கங்காதர நெல்லூர் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நான் வாழ்க்கைப்பட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் ஊரைத் தமிழ்ப் பக்கம் சேர்க்கச் சொல்லி மனு கொடுக்க, நாலைந்து பேரோடு என் வீட்டுக்காரரும் மெட்ராஸுக்கு ரயில் ஏறினார்.

அவர் போன மறுநாள், நெல் அவித்த அண்டாவை இறக்கும்போது அதன் விளிம்பு என் இடது கால் இரண்டாவது விரலில் இடித்தது. நகம் கறுத்து, நகக்கண்ணில் சீழ் கோத்தது. சும்மா இருந்தேனா? ஊக்கால் நெம்பிப் பார்த்தேன். அப்புறம் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டேன், எலுமிச்சம்பழத்தைக் குடைந்து சொருகினேன். நாலாம் நாள் விரல் வீங்கி, கல்யாணத்தில் போட்ட கெட்டி வெள்ளி மெட்டி சதைக்குள் புதைந்துவிட்டது.

வீங்க ஆரம்பித்தபோதே அதைக் கழற்றியிருக்கலாம். ஆனால் புருஷன் வெளியூரில் இருக்கும்போது மெட்டியைக் கழற்றினால் அவருக்கு ஏதாவது ஆகிவிடும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். மெட்ராஸில் கூட்டம், போலீஸ் என்று வேறு காதில் விழுந்துகொண்டிருந்தது. அவர் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். நான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்தான்.

ஆறாம் நாள் குளிர்காய்ச்சல் கண்டது. விரல் நுனி நீலம் பாய்ந்து மரத்துப்போய், கணுக்கால் வரை சிவப்பாக ஒரு கோடு ஏறியிருந்தது. அதைப் பார்த்த என் ஓரகத்தி, நான் வாயைத் திறப்பதற்குள் வண்டி கட்டச் சொல்லி, சித்தூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் விரலையே எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டரம்மா. உடனே மெட்டியை வெட்டச் சொன்னார். நடுத்தர வயது நர்ஸ் ஒருவர் குறடு எடுத்து வந்தார். நான் காலை இழுத்துக்கொண்டேன்.

“எங்க ஊட்டுக்காரரு வந்துகினு கீறாருக்கா. வந்ததும் வெட்டிக்கலாம்,” என்றேன். அழுகையும் வந்துவிட்டது.

நர்ஸ் திட்டவில்லை. செருப்பைக் கழற்றித் தன் காலைக் காட்டினார். விரல்கள் வெறுமையாக இருந்தன.

“நாங்க வேதக்காரங்க, ஏசுவக் கும்புடறவங்க. கண்ணாலம் ஆகி பதினெட்டு வருஷம் ஆவுது, ஒரு நாளும் மெட்டி போட்டதில்ல,” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் குரல் கொடுத்தார். சோற்றுக் கேரியரோடு வெளியே நின்றிருந்த தாட்டியான மனுஷர் ஒருவர் எட்டிப் பார்த்தார். “இவருதான். நல்லா துன்னுகினு, தூங்கிகினு, என்னோட சண்டை போட்டுகினு தெம்பாத்தான் கீறாரு.”

அந்த மனுஷருக்கு ஒன்றும் புரியவில்லை. மரியாதையாக எனக்கு ஒரு வணக்கம் வைத்தார்.

அழுகைக்கு நடுவே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலை நீட்டினேன். வெட்டிய மெட்டியை நர்ஸ் கழுவி என் முந்தானையில் முடிந்துவிட்டு, “இன்னொரு கால்ல கீற மெட்டிய நாங்க தொட மாட்டோம்மா,” என்றார். என் பயத்தை அவர் கேலி செய்யவே இல்லை. அதுதான் என் மனதைத் தொட்டது.

நாலு நாள் கழித்து என் வீட்டுக்காரர் திரும்பி வந்தார். கட்டுப் போட்ட காலைப் பார்த்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “என் உசுருக்குக் காவல்னு உன் கால அழுக வுட்டியா? நான் அங்க மூணு வேளையும் ஓட்டல்ல துன்னுகினு இருந்தேன்,” என்றார். சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கட்டு மாற்ற வேண்டிய நாளெல்லாம் அவரே சைக்கிளில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

மனு பலிக்கவில்லை, எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. விரல் பிழைத்தது, நகம் மட்டும் கோணலாக முளைத்தது. என் மருமகள்களுக்கு நான் சொல்வது இதுதான்: விரல் வீங்கினால் முதலில் மெட்டியைக் கழற்று. சீழ், காய்ச்சல், மரமரப்பு, மேலே ஏறும் சிவப்புக் கோடு, இதில் எது கண்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ.

அவர் ஆயுள் என் மெட்டியில் இல்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். ஆனால் அவரோடு சேர்ந்து நடக்க என் கால் நன்றாக இருக்க வேண்டும் என்பது, காலையில் இரண்டு பேருமாக ஏரிக்கரை வரை மெதுவாகப் போய்வரும் இந்த வயதில்தான் முழுசாகப் புரிகிறது.