கிரைண்டர் பேய்க்கு இரண்டு விமர்சனங்கள்

மைதா பசை காய்ந்து விரல்நுனிகளில் தோலுரிவதுபோல் உதிரும். அந்த விரல்களோடுதான் ஏழாம் வகுப்பு முழுவதும் சாப்பிட்டேன். இரண்டு நாளிதழ்களின் சினிமா விமர்சனங்களை வெட்டி, படம் வெளியான தேதி, ஸ்ரீபெரும்புதூர் கொட்டகைக்கு வந்த நாள், எடுத்த நாள் எல்லாம் குறித்து ஒரு நோட்டில் ஒட்டிவந்தேன். மண்ணூரில் எங்கள் வீட்டார் அந்தத் ‘தீர்ப்பு நோட்டை’க் கேட்காமல் படத்துக்குப் போனதில்லை. ஒரு படத்துக்கு ஒரு பக்கம், ஒரே தீர்ப்பு என்பது நானே வகுத்துக்கொண்ட விதி.

ஆடி மாதம் வந்த பேய்ப்படம் ஒன்று அந்த விதியைச் சோதித்தது. செத்துப்போன மாமியார் கிரைண்டருக்குள் புகுந்துகொண்டு, மருமகள் மாவாட்டும்போதெல்லாம் உளுந்து போதாதென்று அலறுகிற கதை. ஒரு நாளிதழ் அதைத் தலைவலி என்று அரைப்பக்கம் திட்டியிருந்தது; மற்றது, இப்படிச் சிரித்துக்கொண்டே பயந்து நாளாயிற்று என்று நான்கே வரிகளில் கொண்டாடியிருந்தது. நான் நீளமானதை நம்பினேன். சின்னதை ஒட்டாமல் கணக்குப் புத்தகத்துக்குள் செருகிவிட்டேன்.

அக்கா ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை லைனில் வேலை பார்த்தாள். அவளோடு வேலை பார்த்த செல்வி, தென்காசிப் பக்கத்துப் பெண், எங்கள் பின்னறையில் வாடகைக்கு இருந்தாள். ஷிப்ட் மாறி மாறி வந்ததால், ஒருத்தி கம்பெனி பஸ் ஏறும்போது மற்றவள் இறங்குவாள்; இருவரும் சேர்ந்து ஒரு படம்கூடப் பார்த்ததில்லை. அந்த மாதம் இருவருக்கும் ஒன்றாக விடுமுறை கிடைத்தது ஒரே ஒரு ஞாயிறு. செல்விக்கு ஆவணியில் கல்யாணம். புதன்கிழமை ஊருக்குப் போனால் திரும்பமாட்டாள்.

“இன்னாடா ஜட்ஜு, கிரைண்டர் பேயி எப்டிக்கீதாம்?” என்றாள் அக்கா.

“படு மொக்கைக்கா. தலைவலிதான் வருமாம்.”

“நெசமாவாலே? போஸ்டரப் பாத்தாலே சிரிப்பாணியால்லா வருது,” என்றாள் செல்வி.

நான் பக்கத்தைத் திறந்து காட்டினேன். படித்துவிட்டு அக்காவிடம் திரும்பினாள். “சரி விடு ஏளா, தலவலிதான் லைன்லயே கெடைக்கே. ஒறங்குவோம்.”

அந்த ஞாயிறு முழுவதும் இருவரும் ஃபேனுக்கடியில் தூங்கினார்கள். புதன்கிழமை செல்வி போனாள். வெள்ளிக்கிழமை படத்தை எடுத்துவிட்டார்கள்.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது உதிரிபாகக் கிடங்கு. செல்வியின் பழைய எண்ணில் வேறு யாரோ பேசுகிறார். நாள் தவறாமல் குறித்தவனுக்கு, இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் தோன்றாமல் போயிற்று.

போன மாதம் அக்கா அந்தப் படத்தைக் கைப்பேசியில் பார்த்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தவள் பாதியில் நிறுத்தினாள்.

“செல்வி பாத்துருந்தா சீட்லேர்ந்து உருண்டுருப்பாடா. அப்போ ஒருத்தன்கூடவா நல்லாக்கீதுன்னு எழுதல?”

“எழுதலக்கா,” என்றேன்.