இரண்டு அம்பாரம் உப்பு, ஒரு விசா

எண்பதுகளின் கடைசியில் எனக்கு ஐரோப்பாவில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டர் வேலை கிடைத்தது. அந்த நாட்டின் பெயர் எங்கள் ஊர் மரக்காணத்தில் யார் வாயிலும் முழுசாக நுழையவில்லை. எங்கள் தெருவில் பாதிப்பேர் துபாயில் இருந்ததால், இதையும் துபாய் என்றே சொல்லிவிட்டார்கள். கம்பெனியே ஸ்பான்சர் செய்தது. ஆனால் விசா ஆபீஸிலிருந்து வந்த கடிதத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. முதல் சம்பளம் வரும்வரை யாரிடமும் கையேந்தாமல் சாப்பிட என்னிடம் வசதி உண்டு என்று ஆதாரம் காட்ட வேண்டும்.

அத்தா இறந்தபிறகு எங்களைப் பார்த்துக்கொண்டவர் மாமு, அம்மாவின் அண்ணன். உப்பளம் குத்தகைக்கு எடுத்திருந்தார். கடிதத்தைப் படித்துக் காட்டியதும் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"நம்ம வீட்டுப் புள்ள சோத்துக்கு இல்லாதவன்னு எவன் சொன்னான்? அம்பாரம் அம்பாரமா உப்பு கெடக்குது. அதக் காட்டுடா."

"பேங்க்ல பணமா இருக்கணுமாம் மாமு."

"உப்பு வேற, பணம் வேறயா? விலை ஏறட்டும்னு வச்சிருக்கேன், அவ்ளோதான்."

மறுநாளே கிராம அலுவலரிடம் போய், இரண்டு அம்பாரம் உப்பு எனக்குச் சொந்தம் என்று முத்திரை போட்ட சான்றிதழ் வாங்கிவந்தார். அது போதாதென்று ஒரு போட்டோகிராபரையும் கூட்டிவந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் இரவல் டை, வெறுங்கால். உப்புக் குவியலின் மேல் என்னை ஏற்றி நிற்க வைத்தார்கள். வெயிலில் உப்பு பளீரிட்ட கூச்சத்தில் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. படத்தில் நான் அழுவதுபோல் இருந்தேன்.

மெட்ராஸில் விசா அதிகாரி அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். ஏதோ கேட்டார். பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளர் அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்.

"ஒரு மாசத்துக்கு இவ்ளோ உப்பு எதுக்குன்னு கேக்கறாருங்க."

"திங்கறதுக்கு இல்லீங்க மேடம், விக்கறதுக்கு."

"அங்க வந்து விப்பீங்களான்னு கேக்கறாரு."

வியாபாரம் செய்ய வருகிறவன் என்று எழுதிவிட்டால் வேலை விசா போச்சு. "இல்லீங்க, உப்பு வராது. நான் மட்டுந்தான் வர்றேன்" என்றேன். அதையும் அவர் அப்படியே மொழிபெயர்த்தார். பணமாக்கிக்கொண்டு மறுபடி வரச்சொல்லி அனுப்பினார்கள்.

மாமு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு விலை ஏறும்முன்பே விற்று, பணத்தை என் பெயரில் ஊர் பேங்கில் போட்டார். விசா வந்தது. கிளம்புகிற அன்று காலை, பணம் எடுக்கும் ஃபாரம் ஒன்றை என் முன்னால் வைத்தார்.

"கையெழுத்துப் போட்டுட்டுப் போடா. குத்தகை கட்டணும்."

"அப்ப அங்க நான் என்னத்தச் சாப்பிடுவேன் மாமு?"

"மரக்காணம் பேங்க்ல இருக்குற பணத்த அங்க குந்திக்கினு எப்டிடா எடுப்ப?"

நியாயமான கேள்வி. விசா ஆபீஸில் அதை யாரும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். விமானத்தில் வழி முழுக்க, முதல் மாதத்தை எப்படித் தள்ளுவது என்று பயந்துகொண்டே போனேன்.

பட்டறையில் முதல் நாள் ஃபோர்மேன் ஒரு கவரை நீட்டினார். உள்ளே பணம். வெளிநாட்டிலிருந்து வருகிற எல்லோருக்கும் முதல் மாதச் சாப்பாட்டுக்குக் கம்பெனியே கொடுப்பது வழக்கமாம். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தொகை போதாமல் கேலி செய்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, அவர் தன் பையிலிருந்து இன்னொரு நோட்டை எடுத்துக் கவருக்குள் வைத்தார்.