இரண்டாவது மீட்பு வண்டி

1998 ஜனவரி 12, திங்கட்கிழமை, மாலை நான்கு நாற்பது. லவோன் ஸ்வபோடாவை நான் முதலில் அறிந்தது வெறும் பெண்குரலாகத்தான். அமெரிக்க மாநிலமான நெப்ராஸ்காவின் நெடுஞ்சாலையில், நீட்டிய கை தெரியாத பனிப்புயலில், என் கார் பள்ளத்தில் சரிந்து கிடந்தது. காரிலிருந்தே கைபேசியில் மீட்பு வண்டி நிலையத்தை அழைத்தேன்.

"எந்த மைல்கல்லுங்க?"

"தெரியல. நூத்தி நாப்பத்தஞ்சுல பெட்ரோல் போட்டேன். அங்கேருந்து நாலு மைல் வந்திருக்கேன்."

"கிழக்கயா, மேற்கயா?"

"அதான் தெரியல. பனியில எந்தப் பக்கம் ஏறினேன்னே..."

"என்ன வேலை பாக்கறீங்க?"

"காலேஜுல கணக்கு வாத்தியார்."

"வெளங்கிடும்! காரை விட்டு மட்டும் இறங்கிடாதீங்க."

நூற்று நாற்பத்தொன்றுக்கு ஒரு வண்டி, நூற்று நாற்பத்தொன்பதுக்கு ஒரு வண்டி என இரண்டை அனுப்பினார். நான் இருந்தது நாற்பத்தொன்பதில். வெறுமனே போய்த் திரும்பிய மற்ற வண்டிக்கு என்ன தரவேண்டும் என்று கேட்டேன். "அது கடனா நிக்கட்டும் வாத்தியாரே. வேணுங்கறப்ப நானே கேட்டுக்கறேன்" என்றார்.

அந்த வாரமே என் தொடக்க இயற்கணித வகுப்பில் அதே குரல் கேட்டது. "திசை தெரியாத வாத்தியார் இவருதானா!"

லவோனுக்கு அப்போது வயது ஐம்பத்திரண்டு. அவர் நாற்காலியில் அமர்ந்து நான் பார்த்ததில்லை. பின்சுவரோரம் நின்றபடி, சாவிக்கொத்தை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு, சன்னல் வழியே வானத்தின் நிறத்தைக் கவனித்துக்கொண்டிருப்பார். மீட்பு நிலையத்தை ஜூன் மாதத்தில் மூடவிருந்தார்கள். மாவட்ட அவசர அழைப்பு மேசையில் ஓர் இடம் இருந்தது. அதற்குக் கல்லூரிச் சான்றிதழ் தேவை. மற்ற பாடங்கள் யாவும் முடிந்திருந்தன. இயற்கணிதத்தில் மட்டும் இருமுறை தவறியிருந்தார்.

மட்டு மதிப்பு என்பது எவ்வளவு தூரம் என்று சொல்லும். எந்தப் பக்கம் என்று சொல்லாது. |x − 145| = 4 என்று கரும்பலகையில் எழுதியபோது, என் கை இறங்குமுன் அவர் இரு விடைகளையும் சொல்லிவிட்டார். சிக்கல் அடுத்த வாரம் வந்தது: |x − 3| = 2x. இதற்கும் வழக்கம்போல இரு எண்கள் கிடைக்கும்: 1, −3. ஆனால் −3 பொருந்தாது. அதை அடித்துவிட வேண்டும். லவோன் அடிக்க மறுத்தார்.

"அடிச்சிடுங்க லவோன், அது வேண்டாத விடை."

"கணக்குல வந்ததுதானே? உக்காந்த எடத்துலேருந்து வேண்டாம்னா ஆச்சா?"

அவருடைய கணவர் மார்வின் இடக்காலைச் சற்று இழுத்து நடப்பவர். லவோன் வேலைக்குச் சேருமுன் வந்த ஒரு குளிர்காலத்தில், பனியில் சிக்கிய மார்வின் எந்தப் பக்கம் இருப்பார் என்று யாரோ மேசையிலிருந்தே முடிவுசெய்து, ஒரே வண்டியை அனுப்பினார்கள். மார்வின் மறுபக்கத்தில் இருந்தார். வண்டி சென்று சேர்வதற்குள் குளிரில் உறைந்து கால்விரல்கள் போய்விட்டன. அன்றுமுதல் லவோன் எந்தப் பக்கத்தையும் விட்டதில்லை.

இடைத்தேர்விலும் ஒன்றையும் அடிக்கவில்லை. தேறவில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்த மாலையில் அவர் கதவருகே வெகுநேரம் தயங்கி நின்றார். கடனை இப்போது கேட்பார் என்று எண்ணினேன். ஓரிரு மதிப்பெண் போட்டால் தேறிவிடும் நிலை அது. அவர் தாளைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, கல்லூரி உணவகத்தில் நின்றவாறே, அந்த ஊரில் சேர்த்தே உண்ணும் மிளகாய்க் கறியையும் இலவங்கப்பட்டை ரொட்டியையும் விழுங்கிவிட்டு, போய்விட்டார்.

ஏப்ரலில் எதிர்பாராத ஈரப்பனி விழுந்தது. அன்று லவோன் ஓட்டுநர்களோடு பேசும் வானொலிக் கருவியோடு வகுப்புக்கு வந்தார். யாரோ ஒருவர் வழிதெரியாமல் அழைத்திருந்ததால் இரண்டு வண்டிகள் போயிருந்தன. பலகையின் மூலையில் இரு மைல்கற்களின் எண்களை எழுதிவிட்டு, சுவருக்கும் சன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். நடுவில், மீள்பார்வைக்காக நான் எழுதிய அதே |x − 3| = 2x, அதன் இரு விடைகளோடு இருந்தது.

கருவி கரகரத்தது. ஓட்டுநர் டுவெய்னின் குரல்.

"லவோன், இங்க யாரும் இல்ல."

"நல்லாப் பாத்தியாடா?"

"முழங்கால் பனியில நின்னுக்கிட்டுதான் பேசறேன் தாயே. நம்பலன்னா நீயே வந்து பாரு."

"சரி சரி, திரும்பு."

லவோன் அந்த மைல்கல்லின் எண்மேல் ஒரு கோடு போட்டார். போட்ட கோட்டையே பார்த்தபடி நின்றார். பிறகு, யாரும் சொல்லாமலே, நடுவிலிருந்த கணக்கில் −3ஐ வைத்துப் பார்த்தார். இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் கழித்தல் ஆறு.

"இங்கயும் யாரும் இல்ல" என்று முணுமுணுத்து, அதையும் அடித்தார். "வேண்டாத விடைன்னீங்களே ஒழிய, போய்ப் பாத்துட்டு அடிக்கலாம்னு சொன்னீங்களா?"

"போட்டுப் பாருங்கன்னு சொன்னேனே."

"போட்டுப் பாக்கறது வேற, போய்ப் பாக்கறது வேற வாத்தியாரே!"

கருவி மறுபடி கரகரத்தது. மற்ற வண்டி காரைக் கண்டுபிடித்துவிட்டது. வகுப்பு கைதட்டியது. லவோன் அப்போதும் உட்காரவில்லை.

மே மாத இறுதித் தேர்வின் தாளில், அடிக்கப்பட்ட ஒவ்வொரு விடைக்கருகிலும் சரிபார்த்த வரி இருந்தது. அதன்கீழ்ச் சிறிய எழுத்தில்: "போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை."

திருத்தி முடிக்குமுன் என் அறைக்கு வந்து, சாவிகள் குலுங்கக் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"மார்க்கை எப்ப ஒட்டுவீங்க?"

"வெள்ளிக்கிழமை."

"ம்." வேறெதுவும் கேட்கவில்லை.

தேறினார், எவருடைய தயவும் தேவைப்படாத மதிப்பெண்ணோடு. இப்போது மாவட்ட அவசர மேசையில், தொலைபேசிக் கம்பி நீளும் மட்டும் நடந்துகொண்டே பேசுகிறார் என்று டுவெய்ன் சொல்கிறார். கடைத்தெருவில் எதிர்ப்படும்போதெல்லாம், "கிழக்கு எது வாத்தியாரே?" என்று கேட்பார். நூற்று நாற்பத்தொன்றுக்கு வெறுமனே போய்வந்த வண்டியின் கடனை மட்டும் அவர் இதுவரை கேட்டதில்லை.