டாக்டர் வளர்த்த குரங்கு

தொண்ணூறுகளின் நடுவில் அமெரிக்காவில் பேர்லேண்ட் என்ற ஊரில் குடியிருந்தோம். எங்கள் தெருவில் ஒரு டாக்டர் இருந்தார், மதுரைக்காரர். புதுக் கார் வாங்கினால் அதைக் காட்டுவதற்கென்றே ஊரைக் கூட்டி விருந்து வைப்பார். ஒரு கோடையில் கார் அலுத்துப்போய்க் குரங்கு வாங்கினார்.

டாலபோயின் என்னும் ஆப்பிரிக்கக் காட்டுக் குரங்கு. அந்த ஊர் அணிலைவிடக் கொஞ்சம் பெரிசு. பாசி படிந்த மாதிரி முதுகு, வெளுத்த வயிறு, உடம்பைவிட நீளமான வால். அதற்குச் சட்டை மாட்டி ஹாலில் கூண்டில் வைத்து, ஆஞ்சநேயரே வீடு தேடி வந்துவிட்டதாகச் சொன்னார். பார்க்க வந்தவர்களில் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

என் மகள் லைப்ரரியில் படித்துவிட்டு வந்து, இது ஆற்றோரக் காட்டில் பெருங்கூட்டமாக வாழும் ஜாதி, தனியாக வைக்கக்கூடாது என்று அவரிடமே சொன்னாள்.

"இதுக்கு நாங்கதாம்மா ஃபேமிலி" என்றார்.

அந்த ஃபேமிலி விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய் இருட்டியபின் திரும்பும். கூண்டைக் கழுவியதெல்லாம் அவர் மனைவி. திராட்சை கொடுத்தால் அது கன்னப் பையில் அடைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து தின்னும். முன்கை முடியைப் பிய்த்துப் பிய்த்துத் தோல் தெரிந்தது. டாக்டர் அலர்ஜி என்று கிரீம் தடவினார்.

செப்டம்பரில் ஒரு விருந்து. அதைத் தோளில் வைத்துக்கொண்டு நீச்சல்குளத்தோரம் போஸ் கொடுத்தார். கேமரா பளிச்சிட்டதும் குரங்கு அவர் காதைக் கடித்துவிட்டுத் தண்ணீரில் பாய்ந்து முங்கியது. அவருக்கு நீச்சல் தெரியாது. காதைப் பொத்திக்கொண்டு யாரையாவது குதிக்கச் சொன்னார். ஒருவரும் அசையவில்லை, நான் உட்பட. அதற்குள் அது எதிர்க்கரையில் ஏறி உதறிக்கொண்டு, குளத்தின் மேல் நீண்டிருந்த ஓக் கிளையில் போய் உட்கார்ந்தது. பயந்தால் நீருக்குள் குதித்துத் தப்புவது அதன் சுபாவமாம். அதை வாங்கியவருக்கு அதுகூடத் தெரியவில்லை.

மறுவாரம் அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். "உங்க வேன்ல கூண்டு வைக்க இடம் இருக்குமா? அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

கைவிடப்பட்ட குரங்குகளைப் பராமரிக்கும் ஓர் இடத்துக்கு மூன்று மணி நேரம் டிரைவ் பண்ணினோம். அங்கே அதே ஜாதியில் ஏழெட்டு இருந்தன. நம்முடையது முதலில் கம்பி வலையைப் பிடித்துத் தொங்கியது. அரைமணி கழித்து ஒரு கிழட்டுப் பெண்குரங்கு நெருங்கி வந்து, அதன் முதுகு முடியை விலக்கிப் பேன் பார்க்க ஆரம்பித்தது. இது கண்ணை மூடிக்கொண்டது.

"இத்தனை மாசமா நான் க்ளீன் மட்டும்தான் பண்ணிட்டிருந்தேன்" என்றார் அந்த அம்மாள்.

தீபாவளிக்கு எல்லாரும் கூடியபோது, கொடுமைக்காரன் ஒருவனிடமிருந்து ஒரு குரங்கைத் தான் மீட்டு நல்ல இடத்தில் சேர்த்த கதையை டாக்டர் சொன்னார். கைதட்டினார்கள். அவர் மனைவி எழுந்து கிச்சனுக்குப் போனார். எனக்கு அந்த மனிதரைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அவர் நீட்டிய ஸ்வீட்டை எடுத்துக்கொண்டேன்.