கேக்கின் மேல் ஒரு ‘யூஸ்ட் டு’

கேக் பெட்டியை மூடாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார் சேலையூர் கேம்ப் ரோடு பேக்கரி அண்ணன். வெள்ளைக் கிரீமின் மேல் சிவப்பு எழுத்தில், நான் கேட்டபடியே, ‘ஐ யூஸ்ட் டு லவ் யூ’ என்று எழுதியிருந்தார். ஆனாலும் அவருக்கு மனசு கேட்கவில்லை. “சார், ஒரு காலத்துல லவ் பண்ணிக்கினு இருந்தேன், இப்போ இல்லன்னு அர்த்தம் வருது. கல்யாண நாள்னு வேற சொல்றீங்க. பேஜாராயிடப் போவுது” என்றார். எங்கள் வீட்டு இங்கிலீஷ் அப்படித்தான் என்றேன். நம்பவில்லை. ‘ஐ லவ் யூ’ என்று எழுதிய சின்ன சாக்லேட் தகடு ஒன்றைக் காகிதத்தில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து, “எதுக்கும் இருக்கட்டும் சார்” என்றார்.

கல்யாண நாள் என் அக்காவுக்கும் மாமாவுக்கும். அந்த வாக்கியம் அக்காவுடைய சொத்து. அப்போது அவள் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். தமிழ் மீடியத்தில் படித்தவள். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போய் அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது ‘யூஸ்ட் டு’ ஒன்றைத்தான். வழக்கமாகச் செய்வதைச் சொல்ல அதைப் போட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்களாம். அது விட்டுப்போன வழக்கத்துக்கு மட்டும்தான் என்று சொன்ன அன்றைக்கு அவள் லீவு போட்டிருக்க வேண்டும். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே ‘ஐ யூஸ்ட் டு டிரிங்க் காபி’ என்பாள். எங்கள் யாருக்கும் அது தப்பாகத் தோன்றியதே இல்லை. தமிழில் ‘குடிப்பேன்’ என்றால் போதுமே. சின்ன வயதில் குடித்ததும் அதில் வந்துவிடும், இன்று குடிப்பதும் வந்துவிடும், நாளைக்குக் குடிக்கப்போவதும் வந்துவிடும். இங்கிலீஷ்காரர்கள் அவ்வளவு தாராளமில்லை.

லண்டனில் பிறந்து வளர்ந்த வரன் ஒன்று வந்தது. வீடியோ காலில் பேசினார்கள். அக்கா கதவைச் சாத்திக்கொண்டாலும் ஹாலில் எங்களுக்கெல்லாம் கேட்டது. செம்பாக்கம் ஏரிப் பக்கம் தினமும் நடப்பது, பாடுவது, எதற்கெடுத்தாலும் சிரிப்பது, எல்லாவற்றுக்கும் ஒரு யூஸ்ட் டு. வெளியே வந்தவளிடம் பிடித்திருக்கிறதா என்று அம்மா கேட்டாள். “பாக்கலாம்” என்றாள். அதுவரை வந்த வரன்களையெல்லாம் தட்டிக்கழித்தவள் வாயிலிருந்து வரக்கூடிய ஆகப் பெரிய சம்மதம் அது.

அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து பேச்சே இல்லை. அம்மா ஜாதகத்தைக் குறை சொன்னாள், அப்பா நெட்வொர்க்கைக் குறை சொன்னார். அக்கா ஃபோனை அடிக்கடி எடுத்துப் பார்த்தாள். அவள் சிரிப்புச் சத்தம் இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவேயில்லை. அவளுக்கு அவரை அவ்வளவு பிடித்துப்போயிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே தன் அம்மாவோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். ஃபோனில் கேட்க மனசு வரவில்லையாம். காபியைத் தொடாமல், யோசித்து யோசித்துத் தமிழில் கேட்டார்: “நடக்கிறது, பாடுறது, சிரிக்கிறது எல்லாத்தையும் ஏன் விட்டீங்க? யாராவது உங்களைக் கஷ்டப்படுத்தினாங்களா?”

அக்காவுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. “நான் எதை விட்டேன்? தினமும் நடப்பேன், பாடுவேன், சிரிப்பேன்.”

அவருக்குத் தெரிந்த தமிழில் ‘பாடுவேன்’ என்றால் இனிமேல் பாடப்போகிறாள் என்று மட்டும்தான் அர்த்தம். நெகிழ்ந்துபோய், “கண்டிப்பா. எல்லாத்தையும் மறுபடி ஆரம்பிக்கலாம். நான் கூட இருக்கேன்” என்றார்.

தன்னுடைய யூஸ்ட் டு லண்டனில் என்னவாகிப் போயிருக்கிறது என்று அக்காவுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். சிரித்தாள் பாருங்கள், எதிர் வீட்டு நாய் எழுந்து குரைத்தது. அவர் மிரண்டுபோய், “அப்போ இது நிக்கவே இல்லையா?” என்று கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டே அக்கா சொன்னாள்: “யூஸ்ட் டு.”

ஒரே ஒரு முறை பேசிய பெண்ணின் சிரிப்பு நின்றுவிட்டதே என்று கவலைப்பட்டு ஒருவர் விமானம் ஏறி வருவார் என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை. அவர்தான் மாமா. பிறகு இங்கேயே வேலை வாங்கிக்கொண்டு செம்பாக்கத்துக்காரராகவே ஆகிவிட்டார். கல்யாண நாளுக்குக் கல்யாண நாள் அக்காவிடம் அந்த ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார். “இந்த வருஷம் கேக்லயே எழுதிடு மச்சான்” என்று என்னை அனுப்பியவரும் அவரே.

பெட்டியைத் திறந்ததும் அக்கா வாசித்துவிட்டு, “நானும் யூஸ்ட் டு” என்றாள். பேக்கரி அண்ணன் பட்ட கவலையைச் சொல்லி அந்தத் தகட்டையும் எடுத்துக் கொடுத்தேன். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அக்கா மட்டும் தகட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

“இதுல வெறும் லவ்தானே இருக்கு. தினமும்னு எங்க இருக்கு?” என்று சொல்லி, அதை இரண்டாக உடைத்துப் பாதியை மாமாவின் வாயில் போட்டாள்.